கூட்ஸ் வண்டி வருது

"மெதுவாங்க... இன்னும் கொஞ்சம் மெதுவா... ம், நிறுத்துங்க!"

காலையிலிருந்து இதே குரல். பல் டாக்டர் தன் பல்லையே நறநறவென்று கடித்துக்கொண்டார்.

அவர்தான் மாடல் ரயில் க்ளப்பின் செயலாளர். பள்ளிக்கூட ஹாலில் க்ளப்பின் முதல் கண்காட்சி. நாலு மணிக்குப் பிரின்சிபால் மேடம் பார்க்க வருகிறார். எல்லாம் ஒழுங்காக ஓடினால், பின்பக்கம் பூட்டிக் கிடக்கும் அறையை க்ளப்புக்கே தருவதாகப் பேச்சு. அதுவரை தண்டவாளம், ஒயர், அட்டை மலை எல்லாம் டாக்டர் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான். "அதுங்க இருக்கட்டும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று அவர் மனைவி இரண்டு தடவை பெட்டி கட்டிவிட்டாள்.

கூட்டம் மொத்தமும் நடு மேஜையில் மொய்த்தது. வாட்ச் ரிப்பேர்க்காரர் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த ஊர். மலை, குகை, ஆற்றின்மேல் ஒற்றைப் பாலம். கூட்ஸ் வண்டி தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பாசஞ்சரை மட்டும் அவர் கையிலிருக்கும் கண்ட்ரோலரைத் திருகி ஓட்ட வேண்டும். கூட்ஸ் பாலத்தைத் தாண்டும்வரை பாசஞ்சரை நிறுத்திவைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

வாட்ச் ரிப்பேர்க்காரரை எங்கே அசர விட்டாள் அவர் மனைவி? காலையில் மணிக்கட்டைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தவள், அப்படியே பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"ஸ்டேஷன் வந்தாச்சு, குறைங்க. கூட்ஸ் வருது, பொறுங்க. ம், இப்ப எடுங்க."

அவர் எதிரே பார்த்துச் சிரித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பாவம் மனுஷன்! வீட்ல ஓட்டுறது போதாதுன்னு இங்கேயும் அந்தம்மாதான் ஓட்டுறாங்க" என்றார் ஒருவர். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவள் முகம் சிவந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

மூன்றே முக்கால். டாக்டர் மறுபடி மணி பார்த்தார். பிரின்சிபால் முன்னால் இந்தக் கச்சேரி நடந்தால் க்ளப்பின் மானம் என்ன ஆவது? இந்த நச்சரிப்பில் மனுஷர் கை தடுமாறிவிட்டால்?

"அண்ணி, ஒரு உதவி. மேடம் வர்ற நேரம். வாசல்ல நின்னு கூட்டிட்டு வாங்களேன்."

"நானா? வேற யாரையாவது அனுப்புங்க, தம்பி."

"பத்தே நிமிஷம். அண்ணன் நிம்மதியா ஓட்டட்டுமே!"

சுற்றிலும் இருந்தவர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். அவள் கணவரைப் பார்த்தாள். நகரவில்லை.

"போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்பாடா என்றிருந்தது டாக்டருக்கு. ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பாசஞ்சர் நகர்ந்தது. ஸ்டேஷனில் நிற்காமல் போனது. சிக்னலில் சிவப்பு. அதையும் தாண்டியது. குகையிலிருந்து கூட்ஸ் தலையை நீட்டியது.

"அண்ணே, கூட்ஸ்! கூட்ஸ் வருது!"

அதற்குள் பாலத்தின் நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டன. என்ஜின் துள்ளி மேஜையில் விழுந்தது. நாலு பெட்டிகள் ஆற்றுக்குள்.

பின்பக்க அறை டாக்டரின் கண்முன்னே மறுபடி பூட்டிக்கொண்டது.

"என்ன அண்ணே, இவ்வளவு பெரிய வண்டி எதிர்ல வருது..." என்று எரிந்து விழப்போனவர், அப்படியே நின்றார்.

என்ஜின் வாட்ச் ரிப்பேர்க்காரரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் விரல்கள் அதை விட்டுவிட்டு, பாலம், கரை, தண்டவாளம் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போயின. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் எங்கோ நின்றன.

"டாக்டர்," குரல் கிசுகிசுப்பாக வந்தது. "என்ஜின் எந்தப் பக்கம் விழுந்துச்சு? யாருக்கும் தெரியாம என் கையில எடுத்துக் குடுங்க."

டாக்டர் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "எத்தனை நாளா அண்ணே?"

"ஆறு மாசம். வெளிச்சமும் இருட்டும்தான் தெரியுது. சொன்னா கண்ட்ரோலரை வாங்கி வேற ஆள்கிட்ட குடுத்துடுவீங்களோன்னு பயம்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மனைவி ஓடிவந்தாள். பின்னாலேயே பிரின்சிபால்.

"அவர்மேல தப்பு இல்லீங்க!" எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூச்சிரைக்கச் சொன்னாள். "போறப்ப என் கால் ஒயர்ல தட்டிடுச்சு. என்னாலதான்."

"நெனச்சேன்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து என்ஜினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தில் ஏற்றினாள். கணவரின் விரலைப் பிடித்துக் கண்ட்ரோலரில் வைத்தாள்.

"கூட்ஸ் போயிடுச்சுங்க. எடுங்க... மெதுவா..."

பிரின்சிபாலின் நெற்றி சுருங்கியது. "என்ன சார் இது? அவரை அவர் போக்குல ஓட்ட விடலாம் இல்லையா? அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, வாட்ச் ரிப்பேர்க்காரரின் காதுக்குப் பக்கமாகப் போட்டார்.

"உக்காந்து சொல்லுங்க, அண்ணி" என்றவர், பிரின்சிபாலிடம் திரும்பினார். "மன்னிக்கணும் மேடம். அவங்க வாயை மூடினா எங்க ரயில் ஓடாது."