கை படாத காசு

அதிகாரி தோல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசைமேல் உதறினார். இரண்டு மூன்று சில்லறைக் காசுகளும் ஒரு சிட்டிகைப் புழுதியும் விழுந்தன.

"இதுலதானே அள்ளினே? பதினெட்டு வருஷமா?"

எதிரே டிரைவர் நின்றார். கண்டக்டர் இல்லாத பஸ். ஓட்டுவதும் அவரே, டிக்கெட் கொடுத்துக் காசு வாங்குவதும் அவரே. போன மாதம் வரை அந்தப் பை அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறுகிற படிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பயணிகள் காசை நேராக அதற்குள் போட வேண்டும். டிரைவரின் கை ஒரு காசிலும் படக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

அதே மாதிரிப் பெட்டி ஒன்று இப்போது மேசைமேல் இருந்தது. பக்கத்தில் அதைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர், பிள்ளையைப் பெற்றவர் போல அதன் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். முதலில் பொதுத் தொலைபேசிகளுக்காகச் செய்ததாம். திருடர்கள் சுத்தியல், காந்தம், கம்பி எல்லாம் கொண்டு வந்து முயன்று, கடைசியில் தொழிலையே விட்டுவிட்டார்களாம்.

"கம்பியை விட்டா உள்ளேயே மாட்டிக்கும். பஸ்லேர்ந்து கழற்றினா வாய் தானா மூடிக்கும். எண்ணுற அறையில இருக்கிற சாவி ஒண்ணுக்குத்தான் திறக்கும்" என்றார். "யானை வாய்க்குப் போன கரும்பு, சார். யார் கைக்கும் திரும்பாது."

அதிகாரி வசூல் வரைபடத்தை விரித்தார். சிவப்புக் கோடு ஒன்று தரையோடு ஊர்ந்து வந்து, பெட்டி வைத்த நாளில் எழுந்து நின்றது.

"அதே ரூட்டு, அதே ட்ரிப்பு. தலையை எண்ணிப் பார்த்தாச்சு, ஒரு ஆள்கூட அதிகமில்லை. டிக்கெட்டும் அதே ஏழு காசுதான். வசூல் மட்டும் அஞ்சுல ஒரு பங்கு ஏறியிருக்கு. அப்போ இத்தனை வருஷமா அந்தப் பங்கு எங்கேய்யா போச்சு?"

டிரைவரின் காது மடல்கள் சிவந்தன. மூன்று நாளுக்கு முன்பு அந்த டெப்போவின் பன்னிரண்டு டிரைவர்களின் பெயர்களையும் 'கசிவு' என்ற தலைப்பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். முதல் பெயர் அவருடையது. அன்றிலிருந்து அவர் பக்கத்தில் வந்தால் கேன்டீன்காரன்கூடக் கல்லாவை இழுத்து மூடி, சிரித்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை. திருடியதற்காக அல்ல, திருடி எங்கே வைத்திருக்கிறார் என்று தன்னிடம் சொல்லாததற்காக.

இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. திருடன் என்று எழுதி அனுப்பிவிட்டால் வேலையோடு, ஓய்வின்போது வர வேண்டிய மொத்தத் தொகையும் போய்விடும். அவரை முடித்துவிட்டு மற்ற பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன, வாய்க்கும் இவரோட பூட்டையே போட்டுட்டாங்களா?" என்றார் அதிகாரி, இன்ஜினியரைக் காட்டி. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போலீஸுக்குப் போகாமல் விட்டுவிடுவதாகச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

டிரைவர் தாளைத் திரும்பத் தள்ளினார்.

"நீங்க எழுதுங்க."

குரல் நடுங்கியது. பயம் என்று எடுத்துக்கொண்டு அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார்.

"நீங்க எழுதுங்க, சார். பெட்டியில இப்போ கூடுதலா விழற காசு பூராவும் திருட்டுக் காசுதான்னு எழுதுங்க. தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் வேணும். இவரும் சாட்சிக் கையெழுத்து போடட்டும். எனக்கு ஒரு நகல் கொடுங்க."

"எழுத மாட்டேன்னு நினைச்சியா?"

அதிகாரி தாள் கிழிகிற அழுத்தத்தில் எழுதினார். கூடுதலாக விழும் ஒவ்வொரு காசும் திருட்டுக் காசே, அதில் தனக்குச் சந்தேகமே இல்லை, அதை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்வதே நிர்வாகத்தின் கடமை என்று, கேட்காததையும் சேர்த்து எழுதினார். இன்ஜினியர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். வேறு ஊர்களில் பெட்டி விற்கப் போகும்போது இந்தத் தாள் உதவும் என்றார். முத்திரை விழுந்த வேகத்தில் மேசைமேலிருந்த பெட்டி கிணுங்கியது.

டிரைவர் நகலை வாங்கி, உதடு அசைய, கடைசி வரி வரை படித்தார். பிறகு ஜன்னலுக்குப் போய் அதை வெளியே நின்றவரிடம் நீட்டினார். தாள் கை மாறி, கை மாறி, பதினோராவது ஆளின் சட்டைக்குள் போயிற்று.

"யோவ், அதை எங்கேய்யா கொடுக்கிறே?"

டிரைவர் திரும்பினார். இப்போது குரல் நடுங்கவில்லை.

"ஜனங்க ஏழுக்குப் பத்தைப் போடறாங்க. உங்க பெட்டி மீதி கொடுக்கறதில்லை, சார்."