ஓட்டை சைலன்ஸர்

"ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார் ரங்கையா. ஜீப் சாவி அவர் கையிலேயே இருந்தது.

"ஜீப்பு எனக்கு. ஆம்பளைங்க எதுக்கு?" என்று கையை நீட்டினாள் பத்மாவதி.

சித்தூர் பைபாஸில் பழைய வண்டி விற்கும் ரங்கையாவுக்கு முகம் சுருங்கியது. அவளோடு வந்திருந்த மெக்கானிக் முனியப்பன் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்துக்கொண்டான். வண்டியைப் பார்த்துச் சொல்லும்படி காலையில்தான் அவள் அவனைப் பட்டறையிலிருந்து அழைத்து வந்திருந்தாள். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவள், மலையடிவாரத்தில் மாந்தோப்பு வாங்கியிருக்கிறாள், மழைக்காலச் சேற்றில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாவியைத் திருகியதும் ஜீப் போட்ட சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்கள் பறந்தே போய்விட்டன.

"சைலன்ஸர் போச்சு!" என்று கத்தினான் முனியப்பன். "அடியில பெரிய ஓட்டை!"

"பரவாலேதம்மா! வெல்டிங் வெச்சா பூனை மாதிரி போவும்!" என்று பதிலுக்குக் கத்தினார் ரங்கையா.

பத்மாவதியே ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து முனியப்பன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிம்மா."

ஒடித்தாள். முன்பக்கம் கட்கட்டென்று சத்தம்.

"முன்சக்கர ஜாயின்ட் தேஞ்சிக்கினு இருக்குது. நடுவழியில வுட்டுச்சின்னா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது. இப்ப அந்தச் சின்ன கியரப் போடு, நாலு சக்கரமும் இழுக்கட்டும்."

போட்டாள். அடியிலிருந்து நாய் ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது.

"பல்சக்கரமும் காலி."

பத்மாவதி தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, இந்தப் படபட சத்தம் வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்குக் கேக்குமா?"

"தெருவே எழுந்து வெளிய வந்துடும்மா."

அவள் வண்டியைக் கொட்டகைப் பக்கம் திருப்பினாள். பாவம், நாலு பேர் சிரிப்பார்களே என்று கூச்சப்படுகிறாள் என்று முனியப்பன் நினைத்துக்கொண்டான்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அவளைத் தனியே கூப்பிட்டான். "வேணாம்மா. பங்காருபாளையத்துல ஒரு வண்டி இருக்குது. சத்தமே வராது."

ரங்கையா காதில் அது விழுந்துவிட்டது. "குவைத் போயி வந்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? பொம்பளைக்கு ஜீப்பு எதுக்கம்மா? ஆட்டோவுல போவலாமே!"

"நீங்க வண்டி விக்கிறீங்களா, புத்தி விக்கிறீங்களா?" பத்மாவதி குரலை உயர்த்தவில்லை. "முன்சக்கர ஜாயின்ட்டு, பல்சக்கரம், ரெண்டையும் உங்க செலவுல மாத்திக் குடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, போய்க்கினே இருக்கேன்."

மாதக்கணக்காய் விலைபோகாமல் கிடந்த வண்டி. ரங்கையா இறங்கி வந்தார். "சரிம்மா, உன் இஷ்டம். சைலன்ஸரும் புதுசே போட்டுத் தரேன், போ."

"அது மட்டும் வேணாம்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவரே சும்மா தரேன்றாரேம்மா!" என்றான் முனியப்பன். "அந்தச் சத்தத்தை வெச்சிக்கினு எப்படி ஊருக்குள்ள போவ?"

"பொறவு மாட்டிக்கலாம்ணா. வண்டி ஊருக்குள்ள போற மொத நாளு இப்படியேதான் போவணும்."

"இன்னாத்துக்கும்மா?"

பத்மாவதி ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊரு பெரிய தெருவுல எங்க நைனா சைக்கிள்ல ஏறிக்கினு போவக்கூடாது, தள்ளிக்கினுதான் போவணும். ஒரு நாள் மணி அடிச்சிட்டாருன்னு, அந்த மணியைப் பிடுங்கிக் கிணத்துல வீசினாங்க. இப்ப அவரை முன்சீட்டுல உக்கார வெச்சிக்கினு அதே தெரு வழியா நான் ஓட்டிக்கினு போவப்போறேன். மணியைப் பிடுங்கினவங்களுக்கு வயசாயிட்டுது, காது மந்தம். அவங்களுக்கும் கேக்கணுமில்ல?"