நாலே செகண்ட்

செல்வப்பிரியா பட்டனை அழுத்தியபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து.

இரண்டரைக்கு ஊரெல்லாம் கறவை. கறக்க உட்காரும்போதுதான் மாட்டுக்குத் தீவனம் வைப்பார்கள்.

அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலையில் மூன்று மாடுகள் வயிறு உப்பிச் செத்துவிட்டன. தீவன மூட்டையில் யூரியா அளவு தப்பிப்போயிருக்கிறது என்று மாட்டு டாக்டர் போனில் கத்தினார். அதே லாட்டில் வந்த மற்ற மூட்டைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன? இதுதான் கேள்வி.

எங்கள் பால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது. மாடு, மாட்டுக்காரர், சொசைட்டி, மூட்டை, லாரி, போட்ட ஊசி, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி கோடு. மொத்தம் தொண்ணூறு லட்சம் கோடு. இருந்து என்ன புண்ணியம்? ஒரு கேள்வி கேட்டால் ஒவ்வொரு கோடாக நடந்து போய்ப் பதில் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நாங்கள் டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவோம்.

அதைத்தான் இந்தப் பெண் சுருக்கினாள். பெருமாட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே மாதிரிக் கோடுகள் உள்ள புள்ளிகளையெல்லாம் சேர்த்து ஒரே புள்ளியாக்கினாள். தொண்ணூறு லட்சம் கோடு போய் இரண்டாயிரம் மிஞ்சியது. கேள்வி முதலில் அந்தச் சின்னப் படத்துக்குப் போகும். எந்தப் புள்ளிக்குள் விடை இருக்க முடியுமோ அதை மட்டும் பிரித்துப் பார்க்கும்.

கல்யாண மண்டபத்தில் ஒரு ஆளைத் தேடுகிறவன் ஒவ்வொரு இலையாகவா எட்டிப் பார்ப்பான்? பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போவான் இல்லையா, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது நம் புத்திக்கு எட்டவில்லையே!

இதெல்லாம் நடக்கிற கதையா என்று போன மாதம் அவளைக் கிண்டல் செய்தவன் நான்தான்.

நாலு செகண்ட்.

சத்தியமாக நாலே செகண்ட். அறுபத்து நான்கு வீடுகள், போன் நம்பரோடு திரையில் வந்து நின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவள் அச்செடுத்து, தாளை நாலாகக் கிழித்தாள். பக்கத்து மேஜை ரிஜினுக்கு ஒன்று, ஜோமோளுக்கு ஒன்று. அவள் கையில் மிஞ்சிய இரண்டில் ஒன்றை நானே பிடுங்கிக்கொண்டேன். ஆளுக்குப் பதினாறு நம்பர். பேர் கிடையாது.

"மேலருந்து வரிசையாக் கூப்புடுங்க சார். நேரமில்லீங்க" என்றாள்.

கூப்பிட்டேன். புது மூட்டையைத் தொடாதீர்கள் என்றால் மறுமுனையில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எங்கள் வீட்டில் அந்த மூட்டை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

"எங்க ஆபீசுல ஒரு புள்ள இருக்குதுங்க. நாலே செகண்டுல கண்டுபுடிச்சுப்போட்டா!"

ஒரு வீடு விடாமல் சொன்னேன். சிலர் நம்பவில்லை. அவர்களுக்குக் கல்யாணப் பந்திக் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

எதிர் மேஜையில் செல்வப்பிரியா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கையாட்டினாள். போதும் என்பதுபோல. சுவர்க் கடிகாரத்தைக்கூடக் காட்டினாள். தன்னைப் புகழ்ந்தால் கூச்சப்படுகிற பெண், பாவம். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்.

பதினைந்து வீட்டிலும் மூட்டை பிரிக்காமல் இருந்தது, அல்லது பிரித்தும் வைக்காமல் இருந்தது.

பதினாறாவது நம்பரில் ஒரு அம்மாள் எடுத்தார்.

"அட சாமி, இப்பத்தானுங்க வெச்சேன். அஞ்சு நிமிசம் ஆச்சு. செவலை தொட்டியை வழிச்சு நக்கீட்டு நிக்குது. இருக்கறது இது ஒண்ணுதானுங்களே!"

யூரியா விஷத்தை முறிக்க டாக்டர் சொல்லியிருந்தபடி, வினிகரைப் பச்சைத் தண்ணீரில் கலந்து மாட்டுக்கு ஊற்றச் சொன்னேன். வீட்டில் வினிகர் இல்லை, கடைக்குப் போகவும் ஆளில்லை, மருமகள் ஆபீசுக்குப் போயிருக்கிறாள் என்று அவர் அழ ஆரம்பித்தார். கமலாத்தாள் என்று பேரைக் குறித்துக்கொண்டு டாக்டரின் ஜீப்பை அங்கே திருப்பிவிட்டேன்.

மற்ற மூன்று சீட்டும் ஓரிரு நிமிடம் முன்புதான் முடிந்திருந்தன. எல்லாம் தப்பித்த மாடுகள்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அறுபத்து நாலுல அறுபத்து மூணு! ஒண்ணே ஒண்ணுதான் போச்சு!" என்று கூவினேன். ரிஜின் விசிலடித்தான். ஜோமோள் செல்வப்பிரியாவைக் கட்டிக்கொண்டாள்.

அவள் மெதுவாக விலகி ஹெல்மெட்டை எடுத்தாள்.

"நான் ஊட்டுக்குப் போறனுங்க சார். வழியில வினிகர் வாங்கோணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மேஜையில் கிடந்த சீட்டின் கடைசி நம்பரை அவள் விரலால் தொட்டாள்.

"இது எங்க ஊட்டு நம்பருங்க. நீங்க வரிசையாக் கூப்புட்டுருவீங்கன்னு எம்பட சீட்டுல இருந்த பதினாறப் பாத்துட்டு இருந்துட்டேன்."

குரலில் கோபமே இல்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

சீட்டைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது அரை நிமிடம் அவள் பெருமையைப் பேசியிருப்பேன். பதினைந்து வீடு.

கமலாத்தாள் தீவனம் வைத்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.