பானைக்குள் ஒரு ஜாதிக்காய்

“டீச்சரே, இது கள்ளக்களி, ஏமாத்து! வேலனைப் பானைக்குள்ள கை விட விடப்பிடாது!”

கத்தியது ரமேஷ்பாபு. சற்று முன்னால் அவன் கைக்கு வந்தது கொட்டைப்பாக்கு. வயிற்றெரிச்சல் இருக்காதா?

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடிதான் அந்தப் பள்ளி. ஃபீஸ் கிடையாது. மத்தியானம் சோறு உண்டு, இங்கிலீஷும் உண்டு. இடம்தான் கொஞ்சம். அதனால் குலுக்கல். எழுத்து தெரியாத பெற்றோருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று சீட்டு எழுதுவதில்லை. மண்பானைக்குள் கொட்டைப்பாக்கும் ஜாதிக்காயும் கிடக்கும்; தொட்டுப் பார்த்து எது எதென்று சாமானியருக்குப் பிடிபடாது. ஜாதிக்காய் வந்தால் பிள்ளைக்கு இடம்.

இப்போது பானையில் மிச்சம் ஒரு பாக்கு, ஒரு ஜாதிக்காய். வரிசையில் மிச்சம் வேலன், அவனுக்குப் பின்னால் சந்தனமாரி.

“இவன் ஜாதிக்காய் தரம் பிரிக்கிறவனாக்கும் டீச்சரே. கண்ணைக் கட்டிக் கடல்ல இறக்கினாலும் ஜாதிக்காயோடதான் கரையேறுவான்!”

“வரிசைப்படிதான் சேட்டா,” என்றார் சோனியா டீச்சர்.

வேலன் மனைவி காளியம்மை தலையைக் குனிந்துகொண்டாள். ரமேஷ்பாபு சொன்னது பொய்யில்லையே! விரல் பட்டால் போதும், வேலனுக்குத் தெரிந்துவிடும். ஜாதிக்காய் கைக்கு வந்தால் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டான். தொழில் புத்தி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற கையாயிற்றே என்று, காலையில் அவளே சோப்புப் போட்டு, ஈர்க்குச்சியால் நகத்தைச் சுரண்டி வெள்ளையாக்கியிருந்தாள்.

அந்த மாடிப்படியில் மகள் மகா நீலப் பாவாடையோடு இறங்கி வருவதை மனசுக்குள் எத்தனை சாயங்காலம் பார்த்திருப்பாள்!

வேலன் பானைக்குள் கை விட்டான். கை உள்ளேயே நின்றது.

பின்னால் சந்தனமாரி முணுமுணுத்தாள். “மாரியம்மா, என் பையனுக்கு இதுதான் கடைசி. அடுத்த வருசம் வயசு தாண்டிடுமே.”

வேலன் கையை எடுத்தான். கொட்டைப்பாக்கு.

“கண்டோ! தெய்வம் உண்டு!” என்று துள்ளினான் ரமேஷ்பாபு. சந்தனமாரியோ பானையைத் தொடும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

வழி நெடுகக் காளியம்மையின் வாய் ஓயவில்லை.

“ஊருக்கெல்லாம் காய் பொறுக்குற பெரிய ஆளு! சொந்தப் பிள்ளைக்கு ஒரு காய் எடுக்கத் துப்பில்ல.”

“கை மரத்துப் போச்சு புள்ள.”

மகா திரும்பித் திரும்பி அந்த மாடியைப் பார்த்தாள். “அடுத்த வருசம் நான் அங்க போவேனாம்மா?”

காளியம்மை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வீட்டில் சாயா டம்ளரை வெடுக்கென்று நீட்டினாள். வாங்க வந்த கையைப் பார்த்தவள் டம்ளரை விடவில்லை.

காலையில் வெள்ளையாக இருந்த கட்டைவிரல் நகத்தடியில், புதுசாய் ஜாதிக்காய்த் தூள்.

முகர்ந்து பார்த்தாள். வேலன் தரையைப் பார்த்தான்.

டம்ளரைத் தன் பக்கம் இழுத்து இன்னும் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டாள்.

“அடுத்த வருசம் பானைக்குள்ள கை விடறது நானாக்கும். நீங்க தெருவுல நின்னாப் போதும்.”