மேட்டில் ஏசி

காரில் இருந்தது மூன்று பேர்: ஓட்டிய அண்ணன் துரைமாணிக்கம், பக்கத்தில் நான், பின்சீட்டில் அப்பா. கார் அப்பாவின் பழைய கார். ஞாபக மறதி நோய் வந்தவர்களுக்கான இல்லத்தில் அவரை விடப் போனோம். கல்யாணத்துக்குப் போவதாக அவர் நம்பினார். மலைப்பாதையில் ஏசி போட்டால் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். நின்றால் வீட்டுக்குத் திரும்பலாம். அதைப் பேசிக்கொள்ளாமலே அண்ணன் ஏசியை ஓடவிட்டான். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

“மேடு ஏறுதுடா, மடப்பயலே!” அப்பா எக்கி ஏசியை அணைத்தார். இன்ஜின் சூட்டை உள்ளே இழுக்க ஹீட்டரைப் போட்டார். “கொஞ்சம் வேர்க்கும். முகூர்த்தத்துக்குப் போயிரலாம்.”

முள் இறங்கியது. போய்ச் சேர்ந்தோம். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அப்பா உள்ளே நடந்தார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.