டங்கன் குடித்த தண்ணீர்

டங்கன் குழாயைத் திறந்து தகரக் கோப்பையைப் பிடித்தார்.

நீல டிரம்மிலிருந்து தண்ணீர் தெளிவாக இறங்கியது. கோவிரா ஊரே சுற்றி நின்று பார்த்தது.

அந்த டிரம்மை ஒன்றரை வருடத்துக்கு முன் இங்கே வைத்தவள் நான். உள்ளே மணல், மணலுக்கு மேல் நானே சலித்து நிரப்பிய களிமண். மலையில் மூடிக்கிடக்கும் சுரங்கத்திலிருந்து ஆற்றில் கசிகிற செம்பையும் காட்மிய நஞ்சையும் அந்த மண் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் நாள் சோதனையில் தண்ணீர் சுத்தமாக வந்தபோது பெண்கள் பாடினார்கள். என் அம்மா பிறந்த ஊர் இது.

ஆனால் களிமண்ணும் ஓரளவுக்குத்தான் தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நானே வந்து மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குப் போனேன்.

இன்றுதான் வருகிறேன்.

இன்னும் பத்து ஊர்களில் இதே டிரம்மை வைக்கலாமா என்று முடிவு செய்ய பிரிஸ்பேனிலிருந்து வந்தவர் டங்கன். மண்ணை மாற்றவே இல்லை என்று அவரிடம் விமானத்தில் சொல்லிவிட நினைத்தேன். பிறகு லாரியில். பிறகு ஆற்றைக் கடக்கும்போது.

அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார்.

வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. நான் தடுக்கவில்லை.

அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். அருமையாக இருக்கிறது என்றார். ஊர் கைதட்டியது.

அடுத்த கோப்பையை பெர்பெட்டுவா பெரியம்மா என் கையில் கொடுத்தாள். எங்கள் குலத்து நில விஷயமெல்லாம் அவள் பேச்சுப்படிதான் நடக்கிறது. நான் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். என் காதருகே குனிந்தாள்.

"பயப்படாம குடி, ஸ்கோலா. மழைத்தண்ணிதான். விடியக்காலைல நான்தான் ஊத்தி வச்சேன்."

மூன்றாம் மாதம் முடிந்ததுமே தண்ணீரில் பழைய கசப்பு திரும்பிவிட்டதாம். பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம். மண்ணை அள்ளிக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று நேற்றுதான் அதை நிமிர்த்தினார்களாம்.

மழை இல்லாத மாதங்களில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன்.

ஆற்றங்கரைப் பாறைகளில் செம்பின் பச்சை படிந்திருந்தது. பெரியம்மா அங்கே பார்த்தாள்.

நான் டங்கனிடம் போய்ச் சொன்னேன். டிரம்மில் மண்ணே இல்லை, மாற்ற வேண்டிய நான் வரவில்லை, நீங்கள் குடித்தது மழைத்தண்ணீர். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்தார். கெட்டுப்போனதும் யாரும் உங்களுக்குத் தகவல் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"மலை உச்சிக்குப் போனாத்தான் இங்க சிக்னல் கிடைக்கும், தம்பி. இந்த முட்டிவலியோட நான் எங்க ஏறுறது?"

டங்கன் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

நான் மறுத்துப் பேசவில்லை.

அவள் நான்கு முறை ஏறியிருக்கிறாள். நான்கு முறையும், மணி ஓயும்வரை, என் போன் திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.