சேணத்துக்கு முதல் எண்ணெய்

மழையில் நனைந்து வந்த சேணத்தையும் கடிவாள வாரையும் குதிரைக்காரர் மாசிலாமணி லாயத்து நிழலில் உலரவிட்டார். பிறகு சேணத்தை எடுத்து எண்ணெய் தடவத் தொடங்கினார்.

“எப்போதும் உனக்குத்தான் முதல் உபசாரம்!” என்று பொருமியது வார்.

“கொஞ்சம் பொறு. அடுத்தது நீதானே?” என்றது சேணம்.

வாருக்குப் பொறுக்கவில்லை. வெயிலில் கிடந்தால் அவர் பதறி ஓடி வருவார் என்று நினைத்து, காற்றைக் கெஞ்சி முற்றத்தில் போய் விழுந்தது. மாசிலாமணி பார்ப்பதற்குள் அது விறைத்து வெடித்துவிட்டது. அவர் மிச்ச எண்ணெய் முழுவதையும் அதற்கே ஊற்றித் தேய்த்தார்.

“பார்த்தாயா? எனக்குத்தான் அதிகம்!” என்றது வார். சேணத்துக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மாசிலாமணி குதிரைக்குப் புது வார் பூட்டினார்.

ஆணியில் தொங்கிய பழைய வார் சேணத்திடம் கேட்டது: “அதற்கு எவ்வளவு எண்ணெய் போட்டார்?”